தண்ணீர் வைக்கப்பட்டதா

இரண்டு கைகள் சல்லடையை ஆட்டிக்கொண்டிருந்தன. இடது கை விளிம்பைத் தாங்கியது. வலது கை விரல் முட்டிகளால் மெல்லத் தட்டியது. பலமாகத் தட்டினால் புழுக்கை உடைந்து மணலோடு கீழே போய்விடும்; எண்ண முடியாது. மணல் முழுக்க இறங்கியபின் மிஞ்சியதை ஒரு விரல் மூன்றாக ஒதுக்கியது. விதைத்தோல் ஒரு பக்கம், தின்னாமல் விட்ட விதை ஒரு பக்கம், புழுக்கை ஒரு பக்கம். புழுக்கையில் ஒன்றை எடுத்து இரு விரல்களுக்கு நடுவில் வைத்து அழுத்தியது கை. அது நசுங்கவில்லை. மிளகு போல நொறுங்கியது. அதற்குப் பிறகுதான் கை பென்சிலை எடுத்து நோட்டில் எழுதியது: பதினொன்றும் நலம்.

அந்தக் கைகளுக்கு உரியவளை விலங்குக் காட்சிச்சாலையில் எல்லோரும் சல்லடை என்றுதான் அழைத்தார்கள். அங்கே வேலை செய்பவர்களை அவரவர் மிருகத்தின் பெயரால் கூப்பிடுவது வழக்கம். கரடி வந்தாச்சா, ஒட்டகம் இன்றைக்கு லீவா, நீர்யானையின் மகளைப் பெண் பார்க்க வருகிறார்களாம் என்று பேசிக்கொள்வார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் ஒரு வாரம் குழம்பித் திரிவார்கள். இவளுடைய மிருகத்தை மட்டும் யாரும் நின்று பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் கையில் இருந்த சல்லடையைத்தான். அதுவே பெயராகிவிட்டது.

அவள் பொறுப்பில் இருந்தவை பாலைவனத்து எலிகள். காட்சிச்சாலையின் பின்பக்கம் இருட்டுக் கூடம் என்று ஒரு கட்டடம் இருந்தது. அங்கே பகலில் மங்கலான சிவப்பு விளக்கு எரியும். மாலையில் கதவைப் பூட்டும்போது பெரிய வெள்ளை விளக்குகளைப் போடுவார்கள். எலிகள் ஏமாந்துபோய், நம் பகலை இரவென்று நினைத்து வெளியே வரும். நம் இரவில் வளைக்குள் போய், வாசலை உள்ளேயிருந்து மணலால் அடைத்துக்கொண்டு தூங்கும். பின்னங்கால்கள் நீண்டு, வால் நுனியில் குஞ்சம் வைத்து, உள்ளங்கையில் அடங்குகிற அளவுதான் ஒவ்வொன்றும். பார்வையாளர்கள் கண்ணாடியில் நெற்றியை வைத்து அரை நிமிடம் பார்ப்பார்கள். கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடமாவது வேண்டும். அதனால் பெரும்பாலோர் "காலியா கிடக்கு" என்று சொல்லிக்கொண்டே போய்விடுவார்கள்.

பத்தொன்பது வருடங்களுக்கு முன் அவள் அந்தக் கூடத்தைப் பெருக்க வந்தவள். கணவர் உயிரோடுதான் இருந்தார், வேறொரு தெருவில், வேறொரு குடும்பத்தோடு. கையில் நான்கு வயதுப் பெண் குழந்தை. எலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வேறு வேலைக்குப் போய்விட, "வர்ற வரைக்கும் நீ பாத்துக்கோ" என்றார்கள். யாரும் வரவில்லை. அவளைத் தற்காலிகப் பணியாளர் என்று எழுதி வைத்தார்கள். அந்தத் தற்காலிகம் பத்தொன்பது வருடமாக நடந்துகொண்டிருந்தது.

முதல் மாதம் அவளும் எல்லோரையும் போலத்தான் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தாள். மறுநாள் கிண்ணம் மணலால் மூடிக் கிடந்தது. கழுவி மறுபடியும் வைத்தாள், மறுபடியும் மணல். குறும்பு என்று நினைத்தாள். பிறகு சந்தேகம் வந்தது. ஒரு தராசு கேட்டு வாங்கி, நாற்பது நாள் தண்ணீர் வைத்தும் நாற்பது நாள் வைக்காமலும் ஒவ்வோர் எலியையும் நிறுத்து எழுதினாள். எடை மாறவில்லை. மாறியது இரண்டே இரண்டுதான். தண்ணீர் இருந்த நாட்களில் ஒரு மூலையில் மணல் கட்டிபட்டது. அந்த மூலையில் புரண்ட எலிகளின் மயிர் எண்ணெய் தடவியதுபோலப் பிசுபிசுத்தது. எண்பத்தோராம் நாள் கிண்ணத்தை எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய் அதில் உப்பு போட்டு வைத்துக்கொண்டாள்.

ஏன் அப்படி என்று அவளுக்குச் சொன்னது கால்நடை மருத்துவர். அவள் டாக்டரம்மா என்று கூப்பிடுகிற அந்தப் பெண், வாரம் ஒருமுறை வருவார். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"காஞ்ச விதையைத்தானே தின்னுது? அது வயித்துக்குள்ள எரியுதுன்னு வச்சுக்கோங்க. அப்படி எரியும்போது துளித்துளியா தண்ணி பிறக்கும். நமக்கும்தான் பிறக்குது. நாம அதை மூச்சுலயும் வேர்வையிலயும் விட்டுடறோம். இது விடாது."

"மூச்சு விட்டுத்தானே ஆகணும் டாக்டரம்மா?"

"விடும். ஆனா அது மூக்கு நம்ம மூக்கு மாதிரி இல்ல. உள்ள சந்துசந்தா, குளுகுளுன்னு இருக்கும். கண்ணாடில ஊதினா பனிக்குதுல்ல? அந்த மாதிரி மூச்சுல போற ஈரம் மூக்குக்குள்ளயே பனிச்சுடும். அதைத் திருப்பி எடுத்துக்கும். மூத்திரம் பாத்திருக்கீங்களா?"

"பாத்ததே இல்ல. இம்மாத்தூண்டு வெள்ளைக் கறைதான் இருக்கும்."

"அதான். கடல் தண்ணியை விட உப்பு. போறதெல்லாம் உப்பு, தண்ணி உள்ளேயே இருக்கு. வளை வாசலை ஏன் அடைக்குது தெரியுமா? வெயில் உள்ள வராம இருக்கறதுக்கு மட்டும் இல்ல. மிச்சம் கொஞ்சம் மூச்சு ஈரம் வெளிய போகாம இருக்க. உள்ள சேர்த்து வச்ச விதை அந்த ஈரத்தைக் குடிச்சுக்கும். நாளைக்கு அந்த விதையைத் தின்னா, நேத்து விட்ட மூச்சு திரும்பி வந்துடும்."

அன்று பேருந்தில் வீட்டுக்குப் போகும்போது அவள் தன் மூக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போனாள். பக்கத்தில் இருந்தவள், "சளியா?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு அவள் கண்டுபிடித்ததெல்லாம் நோட்டில் இருக்கிறது. கேரட் சீவல் வாரம் இரண்டு, கட்டைவிரல் நகத்தளவு. அதற்கு மேல் கொடுத்தால் வயிறு கழிகிறது. குளிப்பதற்குப் பொடிமணல், உயரமான தட்டில். வளைக்குக் களிமண் குழாய். அடியில் இறுகிய மண், மேலே தளர்ந்த மணல். பக்கத்துக் கூண்டில் இருந்த பாலைவன நரியைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதியிருந்தாள். உடம்புச் சூட்டை முறம் போன்ற காதுகள் வழியாக வெளியே தள்ளும், உள்ளங்காலில் மயிர் இருப்பதால் சுடுமணலில் கொதிக்காது என்றெல்லாம். நரி செத்தபோது அந்தப் பக்கத்தில் ஒரு கோடு போட்டு நிறுத்திக்கொண்டாள். எலிகள் மட்டும் செத்தும் பிறந்தும் பதினொன்றில் வந்து நின்றன.

வாசலில் காவலுக்கு இருந்தவன் சொல்வான்: "அக்கா, உங்க எலிங்க பச்சைத் தண்ணி பல்லுல படாம தபசு பண்ணுதுங்க. உங்களையே பாத்து வளந்ததுல்ல!"

"நான் டீ குடிப்பேன்டா."

"யாரும் வாங்கிக் குடுத்தாத்தானே!"

மகள் இதையே வேறு மாதிரிச் சொல்வாள். "அம்மாவுக்கு எதுவும் வேணாம். அதுக்கு எலி இருந்தாப் போதும்." கல்யாணத்துக்குப் புடவை எடுக்கும்போதும் அப்படித்தான் சொன்னாள். அவள் தனக்கு வேண்டாம் என்று ஒருபோதும் சொன்னதில்லை. கேட்கவில்லை, அவ்வளவுதான். கேட்காததை எல்லோரும் வேண்டாம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் யாரோ ஒரு பார்வையாளர் கைப்பேசியில் படம் எடுத்துப் போட்டார். கண்ணாடி, சிவப்பு வெளிச்சம், வறண்ட மணல், ஓரத்தில் ஓர் எலி. "இந்த வாயில்லா ஜீவன்களுக்குக் குடிக்க ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. மனிதர்களா இவர்கள்?" இரண்டு நாளில் அது ஊரெல்லாம் சுற்றி வந்தது. மூன்றாம் நாள் கண்காணிப்பாளர் இருட்டுக் கூடத்துக்கு நேரில் வந்தார். பதவிக்கு வந்து ஓராண்டில் அதுதான் முதல் வருகை. வெளிச்சத்திலிருந்து வந்தவர் கதவு நிலையில் தலையை இடித்துக்கொண்டார். அங்கேயே காரியம் பாதி கெட்டுவிட்டது.

"தண்ணி எங்க?" என்றார் நெற்றியைத் தடவிக்கொண்டு.

"இதுங்க குடிக்காது சார்."

"குடிக்காதுன்னா?"

"குடிக்கவே குடிக்காது. விதையிலருந்தே எடுத்துக்கும்."

"விதைல தண்ணி இருக்கா?"

"இல்ல சார், காஞ்ச விதைதான். உள்ள போய்த்தான் தண்ணியாகுது."

"ஏம்மா, நான் காஞ்ச ரொட்டி தின்னா எனக்குள்ள ஆறு ஓடுமா?"

"உங்களுக்கும் கொஞ்சம் ஆகும் சார். நீங்க அதை வெளிய விட்டுடுவீங்க. இது விடாது."

பின்னால் நின்ற எழுத்தர் சிரித்துவிட்டார். கண்காணிப்பாளர் சிரிக்கவில்லை. அவள் நோட்டை நீட்டினாள். எண்பது நாள் எடைக் கணக்கு, டாக்டரம்மாவின் கையெழுத்து, எல்லாம் அதில் இருந்தது. அவர் அதைச் சிவப்பு விளக்கில் இரண்டு பக்கம் புரட்டினார். சிவப்பு வெளிச்சத்தில் சிவப்புப் பென்சில் எழுத்து தெரியாது. மாதக் கூட்டுத்தொகைகளை அவள் சிவப்பில் எழுதியிருந்தாள்.

"நீ சொல்றது சரியாவே இருக்கட்டும். வர்றவங்களுக்குத் தெரியுமா? அவங்களுக்கு ஒரு பாத்திரம் தெரியணும். எலி குடிக்குதோ கொப்புளிக்குதோ, தண்ணி இருக்கணும்."

மறுநாள் ஒரு பதிவேடு வந்தது. ஒவ்வொரு கூண்டுக்கும் ஒரு பக்கம். காலை, மதியம், மாலை என்று மூன்று கட்டம். மேலே தலைப்பு: தண்ணீர் வைக்கப்பட்டதா? ஆம் / இல்லை. அவள் மூன்று கட்டத்திலும் "இல்லை" என்று எழுதி, பக்கத்தில் இருந்த விரலகலக் குறிப்புப் பகுதியில் "தேவையில்லை, நோட்டைப் பார்க்கவும்" என்று நுணுக்கி எழுதினாள். பத்து நாள் அப்படியே எழுதினாள். பதினோராம் நாள் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அடுத்த வாரம் இரண்டு பேர் வந்து, கண்ணாடியில் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில், எஃகு மூக்கு வைத்த குப்பி ஒன்றைத் தலைகீழாகப் பொருத்திவிட்டுப் போனார்கள். மூக்கின் நுனியில் ஒரு குண்டு. நாக்கு பட்டால் சொட்டும். நாக்கு படாமலும் அது அவ்வப்போது சொட்டியது.

"பொய்யா ஒரு ஆம் போட்டுட்டுப் போங்களேன்" என்றார் டாக்டரம்மா.

"பத்தொம்பது வருஷமா இந்தக் கையால எண்ணினதைத்தான் எழுதியிருக்கேன்" என்றாள் அவள். அப்படிச் சொன்னதற்காக அன்று கொஞ்சம் பெருமைகூடப் பட்டாள்.

குப்பிக்குக் கீழே ஒரு தட்டு வைத்தாள். தட்டு நிறைவதற்குள் எடுத்துக் கொட்டினாள். மதியச் சாப்பாட்டைக் கூண்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். இப்படி ஒன்றரை மாதம் ஓடியது. எலிகள் பதினொன்றும் நலம்.

அப்போது மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கியது. மாமியார் படுத்த படுக்கை. பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. "மூணே நாள் வாம்மா. அந்த எலிங்க பிள்ளை பெத்தப்ப கூடவே உக்காந்திருந்தியே, எனக்கு வரமாட்டியா?" என்றாள் தொலைபேசியில். அவள் பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக மூன்று நாள் சேர்ந்தாற்போல லீவு எழுதிக் கொடுத்தாள்.

அவள் இடத்துக்கு நீர்யானையைப் பார்த்துக்கொள்கிறவரைப் போட்டார்கள். ஓய்வு பெற ஒரு வருடம் இருந்த, வாய் நிறைய அன்பான மனிதர். அவளைத் தங்கச்சி என்பார்; அவள் அண்ணே என்பாள். நீர்யானையின் முதுகு காய்ந்தால் வெடித்துவிடும் என்று வெயில் நாளில் மணிக்கொரு தரம் குழாயும் கையுமாக நிற்பவர். முப்பத்திரண்டு வருடம் அவர் அந்த வேலையைத்தான் செய்திருந்தார்.

அவருக்கு அவள் ஒரு மணி நேரம் எல்லாம் சொல்லிக் கொடுத்தாள். சல்லடையை எப்படிப் பிடிப்பது, புழுக்கையை எப்படி எண்ணுவது, விதை எத்தனை சிட்டிகை, வளையைத் தோண்டிப் பார்க்கக் கூடாது, மாலையில் எந்த சுவிட்ச், குப்பியின் தட்டை எப்போது எடுப்பது என்று ஒன்று விடாமல் சொன்னாள். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. மணலில் தண்ணீர் ஊற்றாதே என்று சொல்லவில்லை. அப்படி ஒருவர் செய்வார் என்பது அவள் புத்திக்கு எட்டவே இல்லை. சோற்றுப் பானைக்குள் மண்ணெண்ணெய் ஊற்றாதே என்று யாரும் யாரிடமும் சொல்லிவிட்டுப் போவதில்லை.

பேரன் பிறந்தான். மூன்றாம் நாள் கடைசி வண்டியைப் பிடித்துத் திரும்பி, நான்காம் நாள் காலை ஏழு மணிக்கு இருட்டுக் கூடத்தின் கதவைத் திறந்தாள். தாழ்வாரத்திலேயே வாசனை வந்தது. முதல் மழைக்கு மண் எழுப்புகிற வாசனை. ஊரில் எல்லோரும் ஜன்னலைத் திறந்து வைத்து மூக்கை நீட்டி இழுக்கிற வாசனை. அவள் பையை அங்கேயே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

மணல் கருத்துக் கிடந்தது. வளை வாசல்கள் இருந்த இடம் சமமாக அமுங்கியிருந்தது. அவள் பூட்டைத் திறந்து, சல்லடையைத் தேடாமல், வெறும் கையால் தோண்டினாள். ஈரமணல் விரல் நகத்துக்குள் ஏறியது. முதல் குழாயில் நான்கு. நனைந்து, மயிர் உடம்போடு ஒட்டி, ஒன்றை ஒன்று அணைத்துக்கொண்டு கிடந்தன. இரண்டாவதில் மூன்று, அவை வெளியே வரப் பார்த்து, தாங்களே அடைத்த வாசலின் பின்னால் முகம் புதைத்துக் கிடந்தன. மணல் நனைந்து கெட்டித்திருந்தது; அந்தச் சின்னக் கைகளால் கிளற முடியவில்லை. ஒன்று விதைக் கிடங்கில். விதைகள் முளைவிட்டும் பூஞ்சை பூத்தும் இருந்தன. எட்டையும் எடுத்து வரிசையாக வைத்தாள். பிறகு உயரமான குளியல் தட்டின் பின்னால் அசைவு கேட்டது. மூன்று எலிகள் அங்கே காய்ந்த பொடிமணலில் முதுகைக் குறுக்கி உட்கார்ந்திருந்தன.

நீர்யானை அண்ணன் எட்டு மணிக்கு வந்தார். வரிசையைப் பார்த்ததும் கையிலிருந்த டிபன் டப்பாவைக் கீழே வைத்தார்.

"என்ன தங்கச்சி இது? நேத்து சாயங்காலம்கூட நல்லா இருந்துச்சே!"

"தண்ணி எப்படி வந்துச்சு அண்ணே?"

"நான்தான் தெளிச்சேன்." சொல்லும்போதே அவர் முகம் மாறிக்கொண்டு வந்தது. "பூட்டறப்ப பெரிய விளக்கைப் போட்டேனா, அனலா அடிச்சுது. பாவம், இந்தச் சூட்டுல எப்படித் தூங்கும்னு... கொஞ்சமாத்தான் தங்கச்சி. மூணு நாளும் கொஞ்சம் கொஞ்சமாத்தான்."

அவள் குனிந்து ஓர் எலியின் முகத்தில் ஒட்டியிருந்த ஈரமணலை விரலால் தட்டிவிட்டாள்.

"என்னைத் திட்டிடு."

"என்னன்னு திட்டறது?"

"முப்பத்திரண்டு வருஷத்துல தண்ணியால ஒரு உயிர் சாகும்னு நான் பாத்ததே இல்ல தங்கச்சி" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெரிய உடம்பு தரையில் உட்கார்ந்து அழுதது. அவளுக்கு அழுகை வரவில்லை. அவளிடம் அழுகை இருந்திருந்தால் அதற்கு முன்பே பல தடவை வந்திருக்க வேண்டும்.

விசாரணை ஒரு மதியத்தில் முடிந்தது. கண்காணிப்பாளர் பதிவேட்டைப் பிரித்தார். அண்ணன் இருந்த மூன்று நாளும், ஒன்பது கட்டத்திலும், உருண்டை உருண்டையான எழுத்தில் "ஆம்" என்று இருந்தது.

"இந்த மூணு நாள்தான் பதிவேடு ஒழுங்கா இருக்கு" என்றார்.

"அந்த மூணு நாள்லதான் சார் செத்துச்சு."

"நோய் வந்திருக்கும்."

"ஈரம் சார். டாக்டரம்மா அறுத்துப் பாத்துட்டு எழுதியிருக்காங்க. நனைஞ்ச உடம்பு விறைச்சு, மூச்சு முட்டி..."

"டாக்டர் எழுதினது அவங்க ஃபைல்ல இருக்கு. என் ஃபைல்ல நோய்தான். இங்க தண்ணியால செத்துச்சுன்னு எழுதினா, தண்ணி வைக்கச் சொன்னது யாருன்னு கேப்பான். சரி, உங்க ஆள்தான் தெளிச்சாருன்னு எழுதட்டுமா? அவருக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கு. எழுதவா?"

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வேணாம் சார்."

"அப்ப நோய்." அவர் மூடியைத் திருகிப் பேனாவைச் சட்டைப் பையில் வைத்தார். "மிச்சம் இருக்கற மூணையும் வேற காட்சிச்சாலைக்கு அனுப்பறோம். அவங்க கேட்டிருக்காங்க. இந்தக் கூடத்துல கண்ணாடித் தொட்டி வருது, மீன். நீ இங்கேயே இருக்கலாம். மீனுக்குத் தண்ணி இல்லன்னு எவனும் படம் எடுத்துப் போட மாட்டான்."

எழுத்தர் இந்த முறை சிரிக்கலாமா என்று யோசித்துவிட்டுச் சிரித்தார்.

அவளுக்கு மீன் பொருட்டில்லை. மூன்று எலிகள் போகிற இடத்துக்கு "நோய்" என்று எழுதிய காகிதமும் கூடவே போகும். அங்கே இருப்பவர்கள் அதைப் படிப்பார்கள். நோய் என்றால் கூண்டைக் கழுவுவார்கள், மருந்துத் தண்ணீர் தெளிப்பார்கள், நன்றாகத் தண்ணீர் குடிக்கட்டும் என்று இரண்டு கிண்ணம் வைப்பார்கள். எல்லாம் அக்கறையோடு செய்வார்கள். மூன்று எலிகளும் அந்த அக்கறையைத் தாங்கமாட்டா.

பயணப் பெட்டியைத் தானே செய்வதாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். நான்கு நாள் செய்தாள். ஒட்டுப்பலகையின் ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்தாள். காற்றுத் துளைகளை எலியின் முன்கால் நுழையாத அளவில் போட்டு, உள்பக்கச் சிலும்பை விரலால் தடவிப் பார்த்து மழித்தாள். முன்பக்கம் கம்பி வலை. களிமண் குழாய் உருளாமல் இருக்கப் பக்கவாட்டில் இரண்டு கட்டை. மணலை வீட்டுக்குக் கொண்டுபோய் வாணலியில் வறுத்து, ஆறவைத்து, மூன்று தரம் சலித்தாள். கீழ்வீட்டுக்காரி வாசல்படியில் நின்று, "மணலையா வறுக்கறே? தாளிக்கறதுக்கும் கூப்பிடு" என்றாள். விதை, நகத்தளவு கேரட் சீவல் மூன்று. தண்ணீர் வைக்கவில்லை.

வண்டி வந்த அன்று ஓட்டுநர் பெட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் காகிதத்தில் விரல் வைத்தார்.

"தண்ணி வைக்கப்பட்டதா? இதுல ஆம்னு இல்லாம நான் ஏத்த முடியாதும்மா. பெட்டிலயும் கண்ணுக்குத் தெரியற மாதிரி இருக்கணும். வழியில நாலு இடத்துல நிறுத்திப் பாப்பான்."

"இதுங்க குடிக்காதுங்க."

"எங்கிட்டச் சொல்லி என்ன? நான் ஏத்தறவன். மூணு மணிக்குக் கிளம்பிடுவேன்."

மணி இரண்டு. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குத் திரும்பினாள். கண்ணாடியில் அந்தக் குப்பி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கழற்றினாள். அதன் மூக்கைத் துடைத்துக் காயவைத்தாள். மின்சாரம் போனால் ஏற்ற வைத்திருந்த மெழுகுவர்த்தியைக் கொளுத்தி, உருகிய மெழுகைக் குண்டுக்கு உள்பக்கமாகச் சொட்டு சொட்டாக விட்டாள். அவசரப்படவில்லை. ஒவ்வொரு சொட்டும் இறுகிய பிறகே அடுத்தது. ஆறு சொட்டு. பிறகு குப்பியில் தண்ணீர் நிரப்பி மூடினாள்.

வாசலில் நிழல் விழுந்தது. நீர்யானை அண்ணன். நான்கு நாளாக அவள் கண்ணில் படாமல் இருந்தவர்.

"உள்ள வாங்க அண்ணே. கையை நீட்டுங்க."

அவர் நீட்டினார். அவள் குப்பியைத் தலைகீழாக்கி அவர் உள்ளங்கைக்கு மேலே பிடித்தாள். இருவரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம். பத்து. அவள் குப்பியைக் குலுக்கினாள், வண்டி பள்ளத்தில் இறங்கினால் எப்படிக் குலுங்குமோ அப்படி. அந்தக் கை காய்ந்தே இருந்தது.

"சாருக்கே தண்ணி காட்டறே" என்றார் அவர். பிறகு, "தண்ணி ஒழுகக் கூடாதுன்னு நான் வேண்டிக்கிட்டது இதான் முதல் தடவை" என்றார்.

"இதை அன்னிக்கே செஞ்சிருக்கணும் அண்ணே."

"என்னிக்கு?"

"குப்பியை மாட்டின அன்னிக்கே. மெழுகை விட்டுட்டு, மூணு கட்டத்துலயும் ஆம்னு போட்டுட்டு உக்காந்திருக்கணும். உங்ககிட்டயும் ரகசியம் இதான், குப்பியைத் தொடாதீங்க, தண்ணின்னாலே இதுங்களுக்கு ஆகாதுன்னு சொல்லியிருப்பேன். பதினொண்ணும் இருந்திருக்கும். நான் உண்மையை எழுதறேன்னு உக்காந்திருந்தேன்."

அவள் பெட்டிக்குள் குப்பியைப் பொருத்தும்போது அவர் கட்டையைப் பிடித்துக்கொண்டார்.

மூடியின் உள்பக்கம் அவள் ஏற்கெனவே ஒரு காகிதம் ஒட்டியிருந்தாள். பெட்டியைத் திறக்கிறவர் கண்ணில்தான் அது முதலில் படும். எடை, விதை, மணல், விளக்கு என்று எல்லாம் நோட்டிலிருந்து எடுத்து எழுதியிருந்தாள். இப்போது அதன் அடியில் நீலப் பென்சிலால் சேர்த்தாள்:

"குப்பியில் இருக்கும் தண்ணீர் பார்க்கிறவர்களுக்காக. எலிகளுக்காக அல்ல. மூக்கில் மெழுகு இருக்கிறது, எடுக்க வேண்டாம். உங்கள் அதிகாரி கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள். எட்டு எலிகள் செத்தது நோயால் அல்ல, ஈரத்தால். இவற்றுக்கு எதுவும் வேண்டாம் என்று நினைக்க வேண்டாம். காய்ந்த மணல் வேண்டும்."

மணி மூன்றுக்குப் பத்து நிமிடம் இருந்தது. வண்டிக்குப் பக்கத்தில் கண்காணிப்பாளரும் வந்து நின்றிருந்தார். அனுப்புவதைப் படம் எடுக்க எழுத்தர் கைப்பேசியோடு இருந்தார். பெட்டியின் கம்பி வலைக்குள் குப்பி பளபளத்தது. தண்ணீருக்குள் வெயில் விழுந்து ஆடியது.

"இப்பப் பாக்க எப்படி இருக்கு!" என்றார் கண்காணிப்பாளர். "இதுக்குத்தான் இவ்வளவு சண்டை போட்டியா?"

ஓட்டுநர் வலை வழியாக விரலை விட்டுக் குப்பியைத் தட்டிப் பார்த்தார். நீர் குலுங்கியது. திருப்தியாகக் காகிதத்தை நீட்டினார். குழாய்க்குள் மூன்று எலிகளும் வாசலை மணலால் அடைத்துவிட்டிருந்தன. யாருக்கும் அவை தெரியவில்லை. அவற்றைப் பார்க்க வேண்டும் என்று யாரும் கேட்கவும் இல்லை.

அவள் காகிதத்தை வண்டியின் மேல் வைத்து, தண்ணீர் வைக்கப்பட்டதா என்ற கட்டத்தில், தன் நிதானமான சின்ன எழுத்தில், "ஆம்" என்று எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டாள். பிறகு குனிந்து, சாயாமல் இரு கைகளாலும் பெட்டியைத் தூக்கி, ஓட்டுநரின் நீட்டிய கைகளில் வைத்தாள்.